காத்துப் போனதா, அம்மா?

என் அன்பு மகனுக்கு,

கடிதம் எழுதுகிறவர்கள் நலமா என்று கேட்டுத் தொடங்குவார்கள். நீ இப்போது முற்றத்தில் நின்று பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறாய். உன் நலம் யன்னலுக்குள்ளால் எனக்குத் தெரிகிறது. அதனால் நான் வயிற்றை விசாரித்துத் தொடங்குகிறேன். வயிறு எப்படி, மகன்? காலையில் ஒழுங்காகப் போகிறதா? சிரிக்காதே. வெள்ளிக்கிழமை வேலைக்காகக் கொரியாவுக்குப் போகிற விமானத்தில் இருந்து நீ இதைப் பிரிக்கும்போது, பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்தால் மடித்து வைத்துவிடு. ஆனால் கடைசி வரைக்கும் வாசி. உனக்கு நான் சொல்லாத ஒன்று இதற்குள் இருக்கிறது. இரண்டு வருசமாக அது என் தொண்டைக்குள் நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

உனக்குத் தெரியும், வயிறு பற்றி எல்லாம் தெரியும் என்று எனக்குப் பெரிய கெப்பர் இருந்தது. கண்டக்குழிக் கரையில் கருவாட்டு வாடியில் முப்பது வருசம் மீன் வெட்டியவள் நான். பாரையைக் கிழித்தால் ஒரு இரைப்பையும் கட்டைக் குடலும் இருக்கும், மீனைத் தின்கிற மீனுக்கு அது போதும். ஓராவைக் கிழித்தால் குடல் சுருள் சுருளாக வந்துகொண்டே இருக்கும், பாசி தின்கிறதுக்கு நீளக்குடல் வேண்டும். சேறு தின்கிற மணலைக்கு இரைப்பை கோழிக்கு இருக்கிறது போலக் கெட்டிச் சதை. பித்தப்பையில் கத்தி பட்டால் பச்சைத் தண்ணி பரவி அந்த இடமெல்லாம் கசக்கும், அதனால் புதிதாக வருகிற பெண்பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். எந்த மீனானாலும் வாயில் தொடங்கி மலவாயில் முடிகிற ஒரே குழாய், மற்றதெல்லாம் அதைச் சுற்றி ஒட்டியிருக்கிற சாமான் என்று பெரிய டொக்டர் மாதிரிக் கதைப்பேன். மனுசனும் அப்படித்தான் என்றும் சொல்வேன். அதில் பிழையில்லை. என் வயிற்றையும் மீன் வயிறு போல நினைத்து நானே வைத்தியம் பார்த்ததுதான் பிழை.

அந்தத் தவக்காலத்தில் எனக்கு வயிறு ஊதத் தொடங்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். நான் ஒருசந்தி பிடித்திருந்தேன், நாளுக்கு ஒருவேளைச் சாப்பாடு. மூன்று நாளாக ஒன்றும் வெளியே போகவில்லை, காற்றுக்கூட இல்லை. வாடியில் பிலோமினாக்கா என்னைப் பார்த்துவிட்டு, "என்னடி, பேத்த மீன் மாதிரி ஊதிக் கிடக்கிறா, ஆஸ்பத்திரிக்குப் போ," என்றாள். நான் கேட்கவில்லை. சாப்பிடாத வயிற்றில் என்ன போகக் கிடக்கிறது என்று நினைத்தேன். நோவு வந்தபோது ஆண்டவர் பட்ட பாட்டுக்கு இது எம்மாத்திரம் என்று அதையும் காணிக்கையாக வைத்தேன். பிறகு ஆமணக்கெண்ணெய் குடித்தேன். அதுவும் சரிவரவில்லை. ஓராவின் குடலில் பாசி இறுகியிருந்தால் பெருவிரலால் மேலிருந்து கீழே வழித்து விடுவோமே, அப்படியே பாயில் படுத்துக்கொண்டு என் வயிற்றை நான் வழித்தேன். இதை எழுதும்போது எனக்கே என் தலையில் ஒன்று போட வேண்டும் போல இருக்கிறது.

வேலையால் வந்து, பச்சையாக நான் வாந்தி எடுப்பதைப் பார்த்தவன் நீ. தூக்கி ஆட்டோவில் போட்டாய். "அம்மா, செத்த பிறகு கோயிலுக்குப் போகலாம், இப்ப ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்று சொன்னாய். அந்த நோவிலும் எனக்கு உன்மேல் கோபம் வந்தது. இப்போது அந்த வாய்க்கு முத்தம் கொடுக்க வேண்டும் போல இருக்கிறது.

பெருங்குடல் முடிகிற இடத்தில் ஒரு வளைவு இருக்கிறதாம், சிலருக்கு அது நீளமாகத் தொங்குமாம். எனக்கு அது தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி முறுக்கிக்கொண்டது. முறுக்கினால் சோறும் போகாது, காற்றும் போகாது, இரத்தமும் ஓடாது. டொக்டர் ஒரு கடதாசியின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினார், நீ அதைத் தமிழில் சொன்னாய். அடைபட்ட குடலுக்கு மேலே பேதி எண்ணெய் ஊற்றுவது எவ்வளவு ஆபத்து என்பதையும் நீதான் சொன்னாய், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். கறுத்துப்போன துண்டை வெட்டி எடுத்தார்கள். மிச்சக் குடலின் நுனியை இடப்பக்க வயிற்றில் ஒரு துவாரம் போட்டு வெளியே வைத்துத் தைத்தார்கள். அதன்மேல் ஒரு பை. ஆறு மாதத்தில் திரும்பப் பொருத்தலாம், அதுவரை எல்லாம் இதற்குள்தான் என்றார்கள்.

அதை முதல்முதல் திறந்து பார்த்த அன்று உன் அப்பா செய்ததை நாம் இரண்டு பேரும் இன்றுவரை அவருக்கு முன்னால் கதைப்பதில்லை. சுறாவை வகிர்கிற மனுசன். "எனக்கு ஒண்டும் இல்ல, நான் வெளிய நிக்கிறன்," என்று சொல்லிக்கொண்டே கதிரையோடு சரிந்தார். என்னைப் பார்க்க வந்த நர்ஸ் மிஸ் அவருக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு மிஸ் உன் பக்கம் திரும்பி, "அப்ப நீங்கதான் பழகணும் தம்பி," என்றார். புத்தளத்து முஸ்லிம் பிள்ளை அவர், பின்னேர வேலைக்கு வருகிறவர், எங்களோடு நல்ல தமிழில் கதைப்பார். பெண்பிள்ளை இல்லாத வீட்டில் தாயின் மலத்தை மகன் எடுப்பதா என்று நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். நீ கையைக் கழுவிக்கொண்டு வந்து, "மிஸ், எந்தப் பக்கத்தால உரிக்கிறது?" என்று கேட்டாய். அவ்வளவுதான். பாண் வாங்கப் போகிறவன் போலக் கேட்டாய்.

பைக்கு உள்ளே அந்தக் குடல் நுனி சிவப்பாக, ஈரமாக, ஒரு பூப்போல இருந்தது. சிலவேளை தானாக நெளியும். நான் அருவருத்தேன். மிஸ் சொன்னார், "அருவருக்காதீங்கம்மா, உங்கட கன்னத்துக்கு உள்பக்கத் தோல் எப்படியோ, இதும் அப்படித்தான். தொட்டாலும் நோகாது." நெளிகிறதுதான் குடலின் வேலையாம். உள்ளே இருக்கும் சதை அலை அலையாகச் சுருங்கிச் சுருங்கி உணவைத் தள்ளுமாம், நாம் படுத்திருந்தாலும் தள்ளுமாம், தலைகீழாகத் தொங்கினாலும் தள்ளுமாம். இத்தனை வருசமாக நான் வெட்டியது செத்த குடலைத்தான். உயிரோடு வேலை செய்கிற குடலை என் வயிற்றில்தான் முதல்முதலாகக் கண்டேன்.

பையை மாற்றும் நேரமெல்லாம் நீ மிஸ்ஸிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாய். எனக்கு வெட்கம் தெரியாமல் இருப்பதற்காகத்தான் கேட்டாய் என்று பிறகு விளங்கியது. அப்படித்தான் ஒரு வாய்ச் சோறு போகிற வழி முழுவதையும் நான் படித்தேன். எச்சிலே சோற்றை இனிப்பாக்கத் தொடங்கிவிடும், பாணை நிறைய நேரம் மென்று பார், தெரியும். விழுங்கும்போது மூச்சுக்குழாயை ஒரு சின்ன மூடி வந்து மூடிக்கொள்ளும். இரைப்பை புளிப்பு நீரை விட்டுக் கடைந்து கஞ்சியாக்கும். பிறகு சின்னக்குடலின் வாசலில் ஈரலிலிருந்து பித்தமும் கணையத்திலிருந்து இன்னொரு நீரும் வந்து சேரும். மீனில் நாம் தொடவே பயப்படுகிற அந்தக் கசப்புத் தண்ணிதான் நமக்குள் கொழுப்பைக் கரைக்கிறதாம். இருபது அடிச் சின்னக்குடல் சத்தை உறிஞ்சி இரத்தத்துக்குக் கொடுக்கும், பெருங்குடல் கடைசியில் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் மட்டும் நான் வாய் திறந்தேன். "உப்புப் போட்டா மீன் தண்ணி விடுற மாதிரி," என்றேன். மிஸ் சிரித்து, "அம்மா பாஸ்," என்றார். முப்பது வருசத்தில் எனக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அது.

வீட்டுக்கு வந்த பிறகு நீ பட்ட பாட்டையும் எழுதத்தான் வேண்டும். நான் பீட்ரூட் கறி சாப்பிட்டதை மறந்துபோய், மறுநாள் பை சிவந்ததைக் கண்டு உனக்குப் போன் எடுக்க, நீ லொட்ஜில் சமைத்துக்கொண்டிருந்த ஏப்ரனோடு ஓடிவந்தாய். சண்டை முடிந்த பிறகு நம் கரைக்கு வந்த அந்த லொட்ஜ் வெள்ளைக்காரர்கள் எல்லாம் கடலில் பலகையில் சறுக்கப் பிடிக்கிற பட்டத்தை விட்டுவிட்டு உன்னைப் பார்த்தார்களாம். மிஸ்ஸுக்குப் போன் எடுத்து, "ரத்தம், மிஸ், நிறைய ரத்தம்," என்று நீ கத்த, அவர் அமைதியாக, "நேத்து என்ன கறி?" என்று கேட்டார்.

கோயிலில் நடந்ததை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. அந்தத் துவாரத்துக்குக் கட்டுப்பாடு இல்லை, நினைத்த நேரம் சத்தம் போடும். பூசையில் எல்லோரும் முழங்காலில் இருந்து அமைதியாக இருக்கிற நேரம் பார்த்து அது ஒரு நாள் வாய்விட்டுக் கதைத்தது. பக்கத்து வரிசை திரும்பியது. அடுத்த ஞாயிறு நீ ஆம்பிளைகள் பக்கத்தை விட்டு வந்து பெண்கள் பக்கத்தில் என்னோடு இருந்தாய். என் வயிறு சத்தம் போடும்போதெல்லாம் நீ இருமினாய். மாதக்கணக்கில் இருமினாய். கடைசியில் பாதரே உன்னைக் கூப்பிட்டு, "நெஞ்சைக் காட்டி மருந்து எடு தம்பி," என்று சொன்னார். நீ, "ஓம் பாதர்," என்றாய். அந்த இருமலுக்கு நான் இதுவரை நன்றி சொல்லவில்லை. நம் வீட்டில் ஆளுக்கு ஆள் நன்றி சொல்லிக்கொள்கிற வழக்கம் இல்லை. இப்போது சொல்கிறேன். நன்றி மகன். உன்னைப் பெற்றதற்கு நான் கடவுளுக்குச் சொன்ன நன்றியைவிட இது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், அவர் கோபிக்க மாட்டார்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஒப்பரேஷனுக்கு நாள் கிடைத்தது. உனக்கும் கட்டார் ஹோட்டலில் சமையலறை வேலை வந்து, பயண நாள் குறித்தாகிவிட்டது. ஒப்பரேஷன் திங்கட்கிழமை, உன் விமானம் அதற்கு அடுத்த திங்கட்கிழமை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் நான் வீட்டுக்கு வர, நீ புறப்படலாம். குடலைப் பொருத்தினார்கள், பை போனது. இனி காற்று மட்டும் பின்வழியால் போக வேண்டும் என்றார்கள். தொட்டுக் கலைத்த குடல் கொஞ்ச நாள் தூங்குமாம். சின்னக்குடல் முதலில் எழும்பும், பிறகு இரைப்பை, பெருங்குடல்தான் கடைசிச் சோம்பேறி. அது எழும்பியதற்கு அடையாளம் காற்று. அதுவரைக்கும் வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது, சேலைன் மட்டும்.

பார்க்க வருகிற நேரம் தவிரப் பெண்கள் வார்டில் ஆம்பிளை நிற்கக் கூடாது. ஆனால் காலையில் வருகிற டொக்டருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் மீன் விற்கிற அளவுக்குத்தான் தெரியும். அதனால் டொக்டர் வருகிற நேரத்துக்கும் உன்னை உள்ளே விட்டார்கள். அவர் கட்டிலடியில் நின்று, "ஹுலங் கியாத அம்மே?" என்று கேட்பார். அது எனக்கே விளங்கும். என்றாலும் நீ குனிந்து என் காதுக்குள், "காத்துப் போனதா, அம்மா?" என்று கேட்பாய். செவ்வாய் இல்லை, புதன் இல்லை, வியாழன் இல்லை. வெள்ளிக்கிழமை காலை உன் முகத்தைப் பார்த்தேன். சவரம் செய்யாத முகம். சேர்ட் பொக்கெட்டில் பாஸ்போர்ட் துருத்திக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஓம் என்றால் தேத்தண்ணி தருவார்கள், நாளைக்குச் சோறு, ஞாயிறு வீடு, திங்கள் நீ விமானம் என்று கணக்குப் போட்டேன். குடல்தானே, இன்றைக்கோ நாளைக்கோ எழும்பத்தானே போகிறது என்று நினைத்தேன்.

"ஓம்," என்றேன்.

உன் முகம் மலர்ந்ததைப் போல அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. டொக்டரிடம் திரும்பி, "கியா, சேர், கியா!" என்று இரண்டு தரம் சொன்னாய். பக்கத்துக் கட்டில் பெண்கள்கூடச் சிரித்தார்கள்.

காற்றுப் போகவில்லை, மகன். அது பொய். நான் சொன்ன பொய்யை உன் வாயால் சொல்ல வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ வேறு கதையாக அறிந்திருக்கிறாய். தேத்தண்ணி குடித்தேன், பாணை நனைத்துத் தின்றேன். பின்னேரம் வயிறு கல்லாகிவிட்டது. இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் குடித்ததும் தின்றதும் பித்தமும் எல்லாம் வெளியே வந்தன. மூக்கால் குழாய் விட்டார்கள். தையல் விட்டுவிட்டதோ என்று பயந்து திரும்பப் படம் எடுத்தார்கள். "போன காத்து ஏன் நிண்டது?" என்று நீ ஒவ்வொருவரிடமும் கேட்டுத் திரிந்தாய். பின்னேர மிஸ் மட்டும் காதில் மாட்டுகிற குழலை என் வயிற்றில் வைத்து நிறைய நேரம் கேட்டுவிட்டு, என் காதோடு, "உண்மையச் சொல்லுங்கம்மா, காத்துப் போகல்ல, என்ன?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் ஏசவில்லை. டொக்டருக்கு நான் சொல்கிறேன், மகனுக்கு நீங்களே சொல்லுங்கள் என்றுதான் சொன்னார்.

திங்கட்கிழமை உன் விமானம் போனது. நீ என் கட்டிலடியில் ஸ்டூலில் இருந்தாய். நான் அழுதேன். "சும்மா இருங்கம்மா, கட்டார் எங்க ஓடப் போகுது," என்றாய். கட்டார் ஓடவில்லை, அந்த வேலைதான் ஓடிப்போனது. அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்கு இரண்டு நாளுக்குப் பிறகு, நீ என் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது காற்றுப் போனது. சின்னச் சத்தம்தான். நீ நகவெட்டியைக் கீழே போட்டுவிட்டு எழும்பி நின்றாய். கடலில் இருந்த அப்பாவுக்குப் போன் போட்டு, "அம்மாக்குக் காத்துப் போச்சு!" என்று கத்தினாய். அந்த வள்ளத்தில் இருந்த எல்லோருக்கும் என் காற்றுக் கேட்டது. பிறகு என் கையைப் பிடித்து, "இது ரெண்டாவது தரம் அம்மா, இனிப் பயமில்ல," என்றாய். இப்போது சொல்கிறேன், அது முதலாவது.

இதை உனக்கு முன்னால் இருந்து சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கோபம் வந்தால் கோபி, உனக்கு நியாயம் இருக்கிறது. நீ சந்தோசமாகப் போக வேண்டும் என்று சொன்ன பொய் உன்னை இரண்டு வருசம் இந்தக் கரையில் இருத்தி வைத்தது. நீ கொரியா வேலைக்கான மொழிப் பரீட்சைக்கு லொட்ஜ் வேலையோடு படித்தாய், ஒரு நாளும் கட்டாரைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் இழந்தது ஒரு சாண் குடல். அது இல்லாமல் நன்றாகவே இருக்கிறேன். உன் இரண்டு வருசத்தைத்தான் என்னால் திருப்பித் தர முடியாது. அந்த இரண்டு வருசமும் நீ பக்கத்தில் இருந்ததற்குக் கள்ளத்தனமாக நான் சந்தோசப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கே முட்டைக்கோவாவைக் காரம் போட்டுப் புளிக்கவைத்துத் தின்பார்களாம். தின், ஆனால் உன்னைப் போல அவசரமாக விழுங்காதே, பல் வாயில்தான் இருக்கிறது, வயிற்றில் இல்லை. தண்ணீர் குடி. போக வேண்டும் என்று தோன்றினால் வேலையை விட்டுவிட்டுப் போ, அடக்காதே. நான் வைத்த பாரைக் கருவாட்டை அறையில் பொரித்துச் சனத்தைக் கலைக்காதே.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். போனில் நான் முதலில் கேட்பது, "சாப்பிட்டியா?" என்றுதான். நீ எப்போதும், "ஓம் அம்மா, சாப்பிட்டன்," என்பாய். லொட்ஜில் சீசன் நேரம் பின்னேரம் வரைக்கும் பட்டினி கிடந்துகொண்டு அப்படிச் சொன்னது எனக்குத் தெரியும். அம்மா கவலைப்படக் கூடாது என்று சொல்கிற அந்த ஓம் எங்கிருந்து உனக்கு வந்தது என்பதும் இப்போது உனக்குத் தெரியும். இனிமேல் அதைச் சொல்லாதே மகன். சாப்பிடவில்லை என்றால் இல்லை என்று சொல். ஏலாது என்றால் ஏலாது என்று சொல், திரும்பி வர வேண்டும் போல இருந்தால் அதையும் சொல். நான் பயப்படுவேன், அழுவேன், அப்பா கதிரையோடு சரிவார். பரவாயில்லை. நானும் இனி உனக்கு உண்மையையே சொல்வேன்.

இன்று காலை இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். காத்தும் போனது. சத்தியமாகப் போனது.

உன் அம்மா